டோவோ 5/8 சவரக்கத்தி: விட்ட பழக்கத்துக்குத் திரும்புவோருக்கான மதிப்பீடு

பிளேடு மாற்றாமல் தீட்டித் தீட்டிப் பயன்படுத்தும் திறந்த சவரக்கத்தியை நன்கு பழகியவர் ஏதோ ஒரு காரணத்தால் அதை நிறுத்திவிட்டுச் சில மாதங்கள் கழித்து மீண்டும் எடுக்கும்போது, கத்தி பிடிக்கும் கையைக் காட்டிலும் தோலை இழுத்துப் பிடிக்கும் கையே முதலில் தடுமாறுகிறது. இடது மணிக்கட்டில் எலும்பு முறிந்து மாவுக்கட்டுடன் இருந்த காலத்திலும், கட்டுப் பிரித்த பின் விரல்கள் மடங்க மறுத்த காலத்திலும், இரு பக்க பிளேடு போடும் சாதாரண சேஃப்டி ரேசரால் நான் சமாளித்துக்கொண்டிருந்தேன். பிசியோதெரபி முடிந்து விரல்களுக்குப் பிடிமானம் வந்த பிறகும் திறந்த கத்தியைக் கன்னத்துக்குக் கொண்டுபோக மனம் ஒப்பவில்லை. முன்பு நான் பயன்படுத்தியது 6/8 அங்குல அகலமும் செங்குத்தாக வெட்டிய கூர்முனையும் கொண்ட கத்தி. தேறிவரும் கைக்கு அது ஏற்றதில்லை என்று தோன்றியதால், டோவோ 5/8 கத்தி உள்ளிட்ட வேறு சில பொருள்களை வாங்கிப் பார்த்தேன். அவற்றில் எது உதவியது, எதை வாங்காமலே இருந்திருக்கலாம் என்பதே இந்த மதிப்பீட்டின் பொருள்.

முதலில் அரை பிளேடு ரேசரைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். ஏனெனில் தமிழ்நாட்டில் திறந்த கத்தி என்றால் பெரும்பாலோருக்கு நினைவுக்கு வருவது அதுதான். இரு பக்க பிளேடைத் தாள் உறையோடு நடுவில் ஒடித்து, ஒரு பாதியைத் தகட்டுக்குள் செருகி, ஒவ்வொருவருக்கும் புதிது மாற்றிச் சவரம் செய்வது இன்று பெரும்பாலான சலூன்களில் நடைமுறை. தொற்றைத் தவிர்க்க இதைவிட எளிய வழி இல்லை என்பதால், பலருக்குச் சவரம் செய்யும் இடத்தில் அது இருந்தே ஆக வேண்டும். விலையும் சில நூறு ரூபாய்க்குள் அடங்கிவிடும். தீட்டவும் வேண்டாம், சாணை பிடிக்கவும் வேண்டாம். ஆகவே வீட்டில் பழகவோ திரும்பப் பழகவோ விரும்புகிறவர், விலையுயர்ந்த கத்தியைத் தொடும் முன் இதில் கை பழகிக்கொள்ளலாம் என்று நினைப்பது இயல்பு. என் மதிப்பீட்டில் இந்த வரிசை தலைகீழானது.

காரணம் இரும்பிலேயே இருக்கிறது. ஒடித்த பிளேடின் தடிமன் ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர், அதன் இரு மூலைகளும் வெட்டிய காகிதத்தின் மூலைபோல் கூராக நிற்கும். ரேசரின் எடை குறைவாக இருப்பதால் கத்தி தன் எடையால் இறங்குவதில்லை. கை தானாகவே அழுத்தத் தொடங்குகிறது. கோணம் சற்றே பிசகினாலும் அந்த மெல்லிய விளிம்பு தோலில் இறங்கிவிடும், இறங்கியதும் உடனே தெரியாது. நாள் முழுவதும் பிறர் முகத்தில் அதை ஓட்டும் தொழிலாளியின் கைக்கு அது ஒரு பொருட்டில்லை. தன் முகத்தையே கண்ணாடியில் இடவலமாக மாறிப் பார்த்துக்கொண்டு, விறைப்பு நீங்காத விரலால் தோலை இழுத்துப் பிடிக்கிறவரிடம் அது இரக்கம் காட்டுவதில்லை. நான் வாங்கிய ரேசர், தகட்டை மூடும் விசை தளர்ந்து பிளேடு நூலிழை அளவு சாய்ந்து நிற்கும் தரத்தில் இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நன்றாகச் செய்த ரேசரில் அந்தக் குறை இருக்காது; கூரின் கடுமை மட்டும் எதிலும் குறையாது.

இனி கத்தி. நான் தேர்ந்தெடுத்தது ஜெர்மனியின் சோலிங்கன் நகரில் தயாராகும் டோவோ நிறுவனத்தின் 5/8 அளவுக் கத்தி: கார்பன் எஃகு அலகு, முழுக்குழிவு, உருண்ட முனை, கறுப்புப் பிளாஸ்டிக் பிடி. டோர்ப், ஃபோஸ் (Dorp, Voos) என்ற இருவர் 1906இல் தொடங்கிய நிறுவனம் அது. இருவர் பெயரின் முதலெழுத்துகளும் சேர்ந்ததே டோவோ. கத்தி செய்வதும் சாணை பிடிப்பதும் நூற்றாண்டுகளாக நடக்கும் ஊர் சோலிங்கன். அந்த ஊர்ப்பெயரை வேறு எவரும் பொறித்து விற்காதபடி 1938இலேயே ஜெர்மனியில் சட்டம் இயற்றப்பட்டது. அந்தப் பெயர் பொறித்திருப்பதனால் மட்டும் ஒரு கத்தி நன்றாகச் சவரம் செய்துவிடாது; ஆனால், வாங்கியபின் சாணைக்கல்லில் வைக்கும்போது அலகு வளைந்திருக்கிறது என்றோ முதுகு ஒரு பக்கம் தடித்திருக்கிறது என்றோ தெரியவருகிற ஏமாற்றம் அநேகமாக நேர்வதில்லை. இணையத்தில் மிக மலிவாகக் கிடைக்கும் பெயரற்ற கத்திகளில் அந்த ஏமாற்றம் சாதாரணம். பார்வைக்குச் சவரக்கத்திபோல் இருந்தாலும், வெந்து பதமாகாத இரும்பில் கூர் நிற்கவே நிற்காது.

அளவுகளைச் சற்று விளக்குவது பயனுள்ளது. சவரக்கத்தியின் அகலம் அங்குலத்தின் எட்டில் ஒரு பங்குகளாகச் சொல்லப்படும். 5/8 என்றால் முதுகிலிருந்து கூர் வரை ஏறத்தாழ 16 மில்லிமீட்டர். 6/8 கத்திக்கு எடை கூடுதல், நுரையை அதிகம் ஏந்தும், அடர்ந்த தாடிக்கு நல்லது. ஆனால் மூக்கின் கீழும் மோவாயின் வளைவிலும் அதன் அகலமே கண்ணை மறைக்கும். 5/8 அந்த இடங்களில் எளிதாகத் திரும்புகிறது. முழுக்குழிவு என்பது அலகின் இரு பக்கங்களையும் உள்நோக்கிக் குடைந்து, கூர்ப்பகுதியைத் தாள்போல் மெலிதாக்குவது. ஆப்பு வடிவக் கத்தி அதற்கு நேர்மாறு: கனமானது, சத்தமில்லாதது. முழுக்குழிவு அலகோ முடியை வெட்டும்போது சிறிது அதிர்ந்து, காதுக்குக் கேட்கும்படி சரசரக்கிறது. அந்தச் சத்தம்தான் இந்தக் கத்தியின் மிகப் பெரிய உதவி என்று கருதுகிறேன். கோணம் சரியாக இருந்தால் சத்தம் ஒரே சீராக வரும். முதுகு தோலிலிருந்து அதிகம் எழும்பிவிட்டால் அது சுரண்டும் ஒலியாக மாறும். மிகவும் படிந்துவிட்டால் அடங்கிப்போகும். பிடிமானம் குறைந்த கையும் அச்சம் கலந்த மனமும் தர இயலாத தகவலைக் காது தந்துவிடுகிறது. அரை பிளேடு ரேசரில் இந்த எச்சரிக்கை அநேகமாக இல்லை.

உருண்ட முனையையும் இதே நோக்கத்தோடுதான் தேர்ந்தெடுத்தேன். காது மடலின் அருகிலும் மூக்குத் துவாரத்தின் ஓரத்திலும் காயம்படுவதெல்லாம் பெரும்பாலும் முனையால்தான். கூர்முனைக் கத்தியால் மீசையின் ஓரத்தை நூல் பிடித்தாற்போல் எடுக்கலாம் என்பது உண்மை. உருண்ட முனையில் அந்த நுட்பம் சற்றுக் குறைகிறது. திரும்பப் பழகுகிறவருக்கு அது இழப்பாகாது.

கத்தியின் கூரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அச்சத்தில் பாதி இங்கிருந்தே பிறக்கிறது. சமையலறைக் கத்தி வெட்டும் கூர் வேறு, முகத்தில் ஓடும் கூர் வேறு. எந்த ஆலையிலிருந்து வந்த கத்தியானாலும், தெரிந்தவர் ஒருவர் கடைசிக் கூரை நுண்கல்லில் ஏற்றிக் கொடுத்தபின் முகத்தில் வைப்பதே முறை. கத்தியைக் கல்லில் படுக்க வைத்தால் முதுகும் கூரும் ஒருசேரத் தொட்டுக்கொண்டிருக்கும். முதுகின் தடிமனே கோணத்தை நிர்ணயித்துவிடுகிறது. அந்தக் கோணம் பொதுவாக 16, 17 பாகை அளவில் அமையும். ஆகவே கோணம் காப்பதற்குத் தனித்திறமை தேவையில்லை. அழுத்தாமல் இருப்பதற்கே பொறுமை தேவை. கல்லின் நயத்தைக் குறிக்கும் மணல் எண் 4000, 8000 என்று ஏறி, 12000இல் முடிவது ஒரு வழக்கம். பெல்ஜியத்தின் ஆர்டென்ஸ் மலைப்பகுதியில் வெட்டியெடுக்கும் மஞ்சள் நிறக் கோட்டிக்யூல் கல்லில் முடிப்பது மற்றொரு வழக்கம். நான் கல் எதுவும் வாங்கவில்லை. விற்பவரிடமே கூர் ஏற்றித் தரச் சொல்லி, அதற்குரிய கூலியைச் சேர்த்துக் கொடுத்தேன். திரும்பப் பழகுகிறவர் கல்லையும் கையையும் ஒரே சமயத்தில் சோதித்துக்கொண்டிருந்தால், எரிச்சல் வரும்போது குற்றம் எதனுடையது என்று பிரித்தறிய முடியாது. கூர் சந்தேகத்துக்கு இடமில்லாமல் இருந்தால் மீதிப் பிழைகள் எல்லாம் கையினுடையவை என்று துணிந்து முடிவுசெய்யலாம். மழுங்கிய கத்தி பாதுகாப்பானது என்று எண்ணுவோர் பலர். உண்மையில் மழுங்கிய கத்தி முடியைப் பற்றி இழுக்கிறது, இழுப்பதால் கை அழுத்துகிறது, அழுத்தத்தால்தான் வெட்டு விழுகிறது.

இந்த வகையில், கத்தியைவிட அதிகமாக என் நம்பிக்கையை மீட்டுத் தந்தது தோல்வார் என்று சொன்னால் மிகையில்லை. ஒவ்வொரு சவரத்துக்கும் முன்னால், முதலில் துணி வாரிலும் பிறகு தோலிலும் கத்தியைத் தீட்டி, பயன்பாட்டில் நுண்ணளவில் மடங்கிய கூரை நேராக்குவதே அதன் பணி. துணியில் 20, 30 முறையும் தோலில் 50 முறையும் என்பது பொதுவான கணக்கு. கத்தியின் முதுகு முன்னே செல்ல, கூர் பின்னே இழுபட வேண்டும். வாரின் முனைக்கு வந்ததும் கூரைத் தூக்காமல் முதுகின் மேலேயே புரட்டித் திருப்ப வேண்டும். புரட்டும்போது கூர் முந்திக்கொண்டால் வாரில் வெட்டு விழும். வெட்டு விழுந்த வாரில் தீட்டிய கத்தி முகத்துக்கு உதவாது. கத்தியை விரல்களுக்கிடையில் உருட்டித் திருப்பும் இந்த அசைவும், முகத்தில் கத்தியின் பக்கத்தை மாற்றும் அசைவும் ஒன்றே. ஆகவே சவரமே செய்யாமல், தினமும் சிறிது நேரம் வாரில் மட்டும் தீட்டிக்கொண்டிருந்தாலும் கை பழைய நிதானத்துக்கு வந்துவிடுகிறது. இடது கைக்கும் இங்கே வேலை உண்டு: தொங்கும் வாரின் மறுமுனையைத் தளராமல் இழுத்துப் பிடிப்பது. என் பிசியோதெரபிஸ்ட் கொடுத்த ரப்பர்ப் பந்தைவிட இந்தப் பயிற்சியில் எனக்கு ஆர்வம் அதிகமாக இருந்தது.

வெளிநாட்டு வார்களின் விலை கத்தியின் விலைக்குச் சமமாகிவிடும். பெயர்பெற்ற நிறுவனங்களின் குதிரைத்தோல் வார் மழமழப்பானது, நீடித்து உழைக்கும்; அதில் ஐயமில்லை. ஆனால் தோலுக்குப் பெயர்போன மாநிலத்தில் இருந்துகொண்டு தோலை இறக்குமதி செய்ய எனக்கு மனம் வரவில்லை. ஈரோடு, திண்டுக்கல், திருச்சி வட்டாரங்களில் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்டு வந்த தாவரப் பதனீட்டு முறைக்கு நெடிய வரலாறு உண்டு. கிழக்கிந்தியத் தோல் என்ற பெயரில் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. வாருக்கு வேண்டியது இப்படித் தாவரச் சாற்றில் பதனிட்ட தோல்தான். காலணி மேல்தோலுக்குச் செய்வதுபோல் குரோம் உப்பில் பதனிட்டு மேலே மெருகெண்ணெய் பூசிய தோலில் கத்தி வழுக்கிக்கொண்டு ஓடுமே தவிர, அந்தத் தோல் அதைப் பற்றி இழுக்காது. 3 அங்குல அகலத்தில், மேற்பரப்பு மழித்த எருமைத்தோலை வெட்டி வாங்கி, பின்புறம் கெட்டியான கேன்வாஸ் துணி வைத்துத் தைத்து, முனையில் வளையம் மாட்டித் தரச் சொன்னேன். இறக்குமதி வாரின் விலையில் ஒரு சிறு பகுதிதான் ஆயிற்று. புதிதில் கத்தி சற்றுத் தடுக்கி ஓடியது. உள்ளங்கையால் நாள்தோறும் தேய்த்துவரக் கையின் எண்ணெய்ப்பசை ஏறி மென்மை வந்துவிட்டது. பார்வைக்கு முரடாக இருந்தாலும், பத்து மடங்கு விலைகொண்ட வார் செய்யும் வேலையில் குறை வைக்கவில்லை. முதல் வாரில் வெட்டு விழாமல் தப்புவோர் குறைவு என்பதாலும், மலிவான வாரில் தொடங்குவதே அறிவுடைமை.

பிரஷும் சோப்பும் பற்றி விரித்துச் சொல்ல அதிகமில்லை. பன்றிமுடி பிரஷ் போதும். சவரத்துக்கு முன் சற்று நேரம் வெந்நீரில் ஊறவிட வேண்டும். எனக்குச் சோப்பைவிடத் தண்ணீரே பெரிய வேறுபாடாகத் தெரிந்தது. கோயம்புத்தூரில் சிறுவாணித் தண்ணீர் வரும் நாளில் அதே சோப்பு தயிர்போல் திரண்டு நிற்கிறது. ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரில் கலக்கினால் குமிழி குமிழியாக எழுந்து, கன்னத்தில் பூசிய சில நொடிகளில் உலர்ந்துபோகிறது. கடினநீரில் உள்ள கால்சியம், மக்னீசிய உப்புகள் சோப்போடு சேர்ந்து கரையாத படிவாக மாறுவதுதான் காரணம். சேஃப்டி ரேசரில் இதைப் பொறுத்துக்கொள்ளலாம். திறந்த கத்திக்கு உலர்ந்த நுரை ஆகாது. வடிகட்டிய குடிநீரில் ஒரு குவளை சூடாக்கி அதையே சவரத்துக்கு எடுத்துக்கொண்டால் தீர்ந்தது.

சவரத்தின் போக்கில் நான் கடைப்பிடித்த முறை எளியது: முதலில் வலது கன்னம் மட்டும், கிருதாவின் அடியிலிருந்து தாடை எலும்பு வரை, முடி வளரும் திசையிலேயே, மீதி முகம் சேஃப்டி ரேசருக்கு. வெந்நீர்க் குளியலுக்குப் பின் சவரம் செய்தால் முடி நீரை உறிஞ்சி இளகியிருக்கும். கத்தியின் முதுகு தோலிலிருந்து 30 பாகை அளவில் எழும்பியிருக்க வேண்டும். கத்தி முன்னோக்கி மட்டுமே நகர வேண்டும், கூரின் நீளவாக்கில் ஒரு மயிரிழைகூட நழுவக் கூடாது. இவையெல்லாம் பழகியவருக்குத் தெரிந்தவை. நான் புதிதாக உணர்ந்தது இடது கையின் பங்கைத்தான். தோல் விறைப்பாக இழுபட்டிருந்தால் கத்திக்குச் செய்ய வேண்டிய வேலை பாதியாகிறது. தளர்ந்திருந்தால் எவ்வளவு நல்ல கத்தியும் தோலைத் திரட்டிக்கொண்டு போகும். நுரையில் நனைந்த விரல் வழுக்கும். வலுக்குறைந்த விரல் இன்னும் வழுக்கும். படிகாரக் கட்டியை நனைத்து விரல்நுனிகளில் தேய்த்துக்கொண்டால் பிசுபிசுப்பான பிடிப்பு வந்துவிடுகிறது. நாட்டு மருந்துக் கடையில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் இந்தக் கட்டி இல்லாமல் நான் திரும்பப் பழகியிருக்க முடியாது. கடை வாசலில் திருஷ்டிக்குக் கட்டித் தொங்கவிடும் அதே படிகாரம்தான். மெருகேற்றி அழகான பெட்டியில் வைத்து விற்கும் கட்டிக்கும் இதற்கும் விலையைத் தவிர வேறுபாடு எதையும் நான் காணவில்லை. கூர்மையான ஓரங்களை ஈரத்துணியில் தேய்த்து மழுக்கிக்கொள்ள வேண்டும், அவ்வளவே.

சவரம் முடிந்தபின் அதே கட்டியைக் குளிர்ந்த நீரில் நனைத்து முகத்தில் ஓட்டினால், அன்றைய தேர்வின் முடிவு தெரிந்துவிடும். எங்கே எரிகிறதோ அங்கே அழுத்தியிருக்கிறோம் என்று பொருள். கண்ணுக்குத் தெரியும் வெட்டு எதுவும் இல்லாத நாளிலும், கழுத்தின் இடப்புறத்தில் மட்டும் எரிச்சல் தொடர்ந்தது. அங்கே முடி மேல்நோக்கி வளர்கிறது என்பதையும், நான் கீழ்நோக்கி இறக்கிக்கொண்டிருந்தது எதிர்ச்சவரம் என்பதையும் அந்த எரிச்சலே காட்டிக்கொடுத்தது. கன்னத்தில் எரிச்சல் இல்லாமல் ஒரு வாரம் போனால் கழுத்துக்கு இறங்குவது, கழுத்து பழகினால் மேலுதட்டுக்குப் போவது என்று படிகாரத்தையே அளவுகோலாக வைத்துக்கொண்டதால், எவ்வளவு துணியலாம் என்ற கேள்வி மனத்தின் பொறுப்பில் இல்லாமல் போயிற்று.

பராமரிப்பில் இந்தக் கத்தி கறாரானது. கார்பன் எஃகு எளிதில் கூர் ஏறும், அதே எளிமையோடு துருவும் ஏறும். குளியலறையில் வைக்கவே கூடாது. கழுவியதும் மெல்லிய துணியால் ஒற்றி, பிடிக்குள் அலகு சுழலும் ஆணியின் ஈரம் காயும்வரை திறந்து வைத்து, தையல் எந்திர எண்ணெயில் ஒரு சொட்டைத் தடவி வைக்கிறேன். தேங்காயெண்ணெயைத் தவிர்ப்பது நல்லது. சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் இருப்பவர்கள், இதே அளவில் கிடைக்கும் துருப்பிடிக்காத எஃகுக் கத்தியை யோசிக்கலாம். கூர் ஏற்றச் சற்று அதிக நேரம் பிடிக்கும் என்றாலும் கவலை குறையும்.

விலையைக் கேட்டால் எவரும் ஒருமுறை தயங்குவர். கத்தி, சுங்கவரி, கூர் ஏற்றும் கூலி எல்லாம் சேர்ந்து பல ஆயிரம் ரூபாயைத் தொட்டுவிடுகிறது. அந்தத் தொகைக்கு வாங்கும் இரு பக்க பிளேடுகள் பல ஆண்டுகளுக்கு வரும். பிளேடு செலவு மிச்சமாகும் என்ற கணக்கில் இதை வாங்குவது சரியாகாது. பழைய கத்தியை மலிவாக வாங்குவதும் ஒரு வழிதான். ஆனால் கூரின் ஓரத்தில் துருக்குழி இருந்தாலோ, அலகில் மயிரிழை விரிசல் இருந்தாலோ எந்தச் சாணையும் அதைக் காப்பாற்றாது. கை நடுக்கம் உள்ளவர்களுக்கும், இரத்தம் உறையாமல் இருக்க மருந்து உட்கொள்வோருக்கும் நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். அவசரமாக அலுவலகம் கிளம்பும் காலை நேரத்துக்கும் இது உகந்ததன்று. இரவில் செய்வதே எனக்கு வசதிப்பட்டது. விமானப் பயணத்தில் கைப்பையில் வைக்கவும் அனுமதி இல்லை.

இப்போது இரு கன்னங்களும் கழுத்தும் மேலுதடும் முழுக்கக் கத்திக்கே உரியவை. இடது கன்னத்துக்கு வலது கையையே முகத்தின் குறுக்கே கொண்டுவந்து சவரம் செய்கிறேன். முன்பு கை மாற்றிப் பிடிக்கும் பழக்கம் இருந்தது, அதை மீட்க முயலவில்லை. மோவாயின் குழிவில் மட்டும் தோலை மூன்று திசைகளில் இழுக்க வேண்டியிருப்பதால், அந்த ஓரிடத்தை இன்னும் சேஃப்டி ரேசராலேயே முடிக்கிறேன். முகத்தைத் தடவிப் பார்ப்பவர் எவருக்கும் அந்த வேறுபாடு தெரியப்போவதில்லை என்பதால், அதை மாற்றிக்கொள்ளும் அவசரமும் எனக்கு இல்லை.